ஜப்பானில் மரங்களிடைப் பனிச்சறுக்கு

ஜப்பானிய மலைகளின் செங்குத்துச் சரிவுகளிலும் காட்டு மரங்களுக்கு இடையிலும் சறுக்கி இறங்கும் விளையாட்டு. ஹொக்கைடோவின் நிசெகோ இதற்குப் பெயர்பெற்றது; ஹொன்ஷுவின் ஹக்குபாவில் செங்குத்தே சிறப்பு. 1998 நாகானோ ஒலிம்பிக்கின் டவுன்ஹில் போட்டி அங்குதான் நடந்தது.

சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்து, மலைகளில் மோதிப் பொடிப்பனியாகக் கொட்டுகிறது. மண்டிக் கிடக்கும் சாசா மூங்கில் புதர்களை அது மூடிவிடும். இலையுதிர்த்த பிர்ச் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்பதால் வழியும் கிடைக்கும்.

சரிவின் செங்குத்தைப் போலவே மரத்தடியும் ஆபத்தானது. தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், குறிப்பாக ஊசியிலை மரங்களின் அடியில், இறுகாத பனிக்குழி உருவாகிறது. அதில் தலைகுப்புற விழுந்தவர் தாமாக வெளியேறுவது அரிது, மூச்சுத் திணறிவிடும். எனவே ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இருவராகச் செல்வர். கோல்களின் வாரிலிருந்து மணிக்கட்டையும் விடுவித்துக்கொள்வர்.

பல பனிச்சறுக்குத் தளங்கள் நெடுங்காலம் மரங்களிடையே செல்வதைத் தடுத்தே வந்தன. நிசெகோ வேறு வழி கண்டது. ‘நிசெகோ விதிகள்’படி எல்லைக்கு வெளியே செல்வோர் குறித்த வாயில்கள் வழியே மட்டும் போகலாம், பனிச்சரிவு அபாயமுள்ள நாளில் அவை மூடப்படும். கயிற்றைத் தாண்டினால் அனுமதிச்சீட்டு பறிபோகும். வெறும் தடையைவிட இது விவேகமான ஏற்பாடு.