திருவொற்றியூர் புல்லட்டும் அது வளர்த்த பயண மரபும்

இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பயணம் ஒரு பண்பாடாக வளர்ந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும் லடாக்கின் மலைச்சாலையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அதன் வேர் வடசென்னையில், ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாரான திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருக்கிறது. அரசுப் பணிக்காக வந்த புல்லட், அன்றாடத் தேவையில் தன் இடத்தை இழந்த பிறகே ஓட்டும் இன்பத்துக்கான வண்டியாக ஆனது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் வந்தது. நாம் அறிந்த புல்லட்டின் மூலவடிவம் 1940களின் இறுதியில் உருவானது. பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்த அந்த வண்டி, 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் தன் உறுதியைக் காட்டியது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம், மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக இதை வாங்கியது. எல்லைப்புறக் கரடுமுரடுப் பாதைகளுக்கு ஏற்ற வண்டி தேவைப்பட்ட காலம் அது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டு திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்தவற்றைப் பூட்டி, அவ்வாண்டு முடிவதற்குள் 163 வண்டிகளை வெளியே அனுப்பினார்கள். பிறகு பாகங்களும் படிப்படியாக இங்கேயே தயாராயின.

1967இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. தாய்வீட்டில் மறைந்த வண்டியைச் சென்னைத் தொழிலாளர்கள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து செய்தார்கள். போட்டி குறைந்த, உரிமக் கட்டுப்பாடு மிகுந்த சந்தையில் மாற்ற வேண்டிய நெருக்கடியும் இல்லை. இதைத் தொழில்நுட்பத் தேக்கம் என்று சொல்வது எளிது. ஆனால் பண்பாட்டு வரலாற்றுக்கு அந்தத் தேக்கமே அடித்தளம். முப்பது ஆண்டு ஒரே எஞ்சின் ஓடியதால்தான் அதைப் பற்றிய கைப்பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கும், மெக்கானிக்கிடமிருந்து கடைப் பையனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கைப்பழக்கம் என்ன என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். 346 சிசி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல். அதனால் வேகம் குறைந்தாலும் இழுவை குறையாது, ஒவ்வொரு அடியும் தனித்தனியே காதில் விழும். ஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தியபடி ஆம்ப் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சற்று இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டவரின் காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். மெக்கானிக்குகள் பாயின்ட் திறக்கும் நொடியை மெல்லிய சிகரெட் தாளைச் செருகிப் பார்த்துக்கொண்டார்கள். ஐடிலிங்கைக் காதாலேயே சரிசெய்தார்கள். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் புல்லட்டை வாங்கி ஏறினால் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவார். புல்லட்காரர்கள் தங்களைத் தனிக்கூட்டமாக உணர்ந்ததற்கு இது சிறிய காரணமல்ல.

இன்பத்துக்காக வண்டி ஓட்டுவதும் வேடிக்கை பார்ப்பதும் சென்னைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதையான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. என்றாலும் புல்லட் அப்போது பெரும்பாலும் போலீஸ் அதிகாரியின் வண்டி, ராணுவத்தின் வண்டி, ஊரில் நிலபுலம் உள்ளவரின் வண்டி. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டால் வருபவர் இன்னார் என்று ஊருக்குத் தெரியும்.

1980களின் நடுவில் நிலைமை தலைகீழானது. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, அதைத் தொடர்ந்து ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100. எடை குறைவு, விலை குறைவு, எளிதான ஸ்டார்ட். ஹீரோ ஹோண்டா கொடுத்த மைலேஜ் சம்பளக்காரர்களை வாரிக்கொண்டது. என்ஃபீல்டும் ராணிப்பேட்டையில் ஜெர்மன் சுண்டாப் வடிவமைப்பில் சிறுவண்டிகள் செய்து பார்த்தது, அவை நிலைக்கவில்லை. 1993இல் வந்த டீசல் புல்லட்டும் தேவையின் சந்தையைத் திரும்பப் பிடிக்கும் முயற்சியே. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது.

ஆனால் அலுவலகத்துக்குப் போக வேறு வண்டி கிடைத்துவிட்ட அதே காலத்தில், புல்லட்டை எதற்கு ஓட்டுவது என்ற கேள்விக்குப் புதிய விடை பிறந்தது: நெடுந்தூரம் போவதற்கு. 1997இல் நாற்பது பேர் தமிழ்நாட்டிலிருந்து லடாக்கின் கார்துங் லா கணவாய் வரை புல்லட்டில் போனார்கள். கனமும் இழுவையும் அங்கே குறையாக இல்லை. வழியில் பழுதானால் சாலையோரத்திலேயே பிரித்துப் பார்க்கலாம் என்ற தைரியம், பழைய மெக்கானிக்குகள் கொடுத்த சொத்து. இமயப் பயணம் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமானது இதன் பிறகுதான்.

2008 முதல் வார்ப்பிரும்பு எஞ்சின் போய், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றான புதிய எஞ்சின் வந்தது. பட்டன் ஸ்டார்ட் பரவலானது, கியர் இடக்காலுக்கு மாறியது. ஓட்டுநர்கள் கவலைப்பட்டது சத்தத்தைப் பற்றி. நிறுவனம் அதைப் புறக்கணிக்க முடியவில்லை: நீண்ட ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டது. 2009இல் வந்த கிளாசிக், 1940களின் இறுதி வண்டியின் தோற்றத்தை வேண்டுமென்றே ஏற்றது. டாங்கில் பொன்னிறக் கோட்டைத் தூரிகையால் கையிலேயே இழுக்கும் வேலையையும் நிறுவனம் விடவில்லை. கிளாசிக்குக்குக் குவிந்த ஆர்டரைத் திருவொற்றியூரால் மட்டும் சமாளிக்க முடியாமல், 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறக்க வேண்டியிருந்தது.