2001 ஏப்ரல் 1 எங்கிருந்து வந்தது?



தேர்வாய் கண்டிகைப் பக்கம் அப்பா வழியில் வந்த மனையை விற்கப்போகும் நண்பர் ஒருவர், "அப்பா இறந்தது 2016ல். அன்றைய மதிப்பைக் கழித்து மீதிக்கு வரி கட்டினால் போதும், அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொன்னான்" என்றார். அமெரிக்காவில் அது சரிதான். இங்கே அப்படியில்லை. அப்பா வாங்கிய விலைதான் உங்கள் விலை. அவர் 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

அது என்ன 2001? மூலதன ஆதாய வரியை முதலில் கொண்டுவந்தது 1947ல் லியாகத் அலி கானின் பட்ஜெட். இரண்டு வருடத்தில் போய்விட்டது. 1956ல் நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி மறுபடி கொண்டுவந்தார். பழைய சொத்துக்கு விலைச்சீட்டு யாரிடம் இருக்கும்? அதனால் 1954 ஜனவரி 1 மதிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். விலைவாசி ஏற ஏற அந்தத் தேதி 1964, 1974, 1981 என்று நகர்ந்தது. 2017 பட்ஜெட்டில் 2001க்கு வந்து நின்றது. பணவீக்கத்துக்கு ஏற்ப விலையை உயர்த்திக் காட்டும் குறியீட்டு எண் 1992ல் வந்தது. வாரிசுக்கு அதை எந்த வருடத்திலிருந்து கணக்கிடுவது என்று வழக்கு நடந்து, அப்பாவின் வருடத்திலிருந்தே என்று மும்பை உயர் நீதிமன்றம் 2011ல் தீர்ப்பளித்தது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 2001ல் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் இல்லை, மிச்சலின் டயர் ஆலை இல்லை, 2020ல் திறந்த நீர்த்தேக்கமும் இல்லை. அன்றைய மதிப்பு சொற்பமாகத்தான் இருக்கும். அதைக் கூட்டிக் காட்ட மதிப்பீட்டாளரைத் தேடுவது பழைய வழக்கம். 2020 நிதிச் சட்டம் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டது: நிலம், கட்டடத்துக்கு அன்றைய வழிகாட்டி மதிப்பு இருந்தால், அதற்கு மேல் காட்ட முடியாது.

இதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். கணக்குக்காக, 2001 மதிப்பு 1 லட்சம், 2025-26ல் விற்றது 30 லட்சம் என்று வையுங்கள். அந்த வருடக் குறியீடு 376. விலை 3.76 லட்சமாகும், மீதி 26.24 லட்சத்துக்கு 20 சதவீதம், ரூ.5,24,800. குறியீடே வேண்டாம் என்றால் 29 லட்சத்துக்கு 12.5 சதவீதம், ரூ.3,62,500 தான் (செஸ் தனி). அதே மனை 6 லட்சத்துக்குத்தான் போகிறதென்றால் தலைகீழ்: குறியீட்டோடு 44,800, இல்லாமல் 62,500. ஏறத்தாழ எட்டரை மடங்குக்கு மேல் ஏறிய நிலத்துக்குக் குறியீடு லாபமில்லை. 2024 ஜூலை 23க்கு முன் வந்த சொத்துக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான்; அமெரிக்கத் தம்பியின் பங்குக்கு 12.5 தான்.

நகர எல்லைக்கு வெகு வெளியே உள்ள விவசாய நிலமானால் இந்த வரியே கிடையாது. மனையாகப் பிரித்துவிட்டால் அந்தச் சலுகை போயிற்று.

விற்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, உங்கள் சர்வே எண்ணுக்கு 2001ல் இருந்த வழிகாட்டி மதிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நண்பர் நேற்றுதான் மனு கொடுத்திருக்கிறார்.