அத்தையோட கேள்வியும் வேதாரண்யம் உப்பும்

ஸ்ரீரங்கத்துல எங்க அத்தைக்கு டி.எஸ்.எச். அளவு அதிகம்னு ரிசல்ட் வந்துச்சு. உடனே கேட்டாங்க: "அயோடின் உப்புதானேடா வாங்குறேன்? எனக்கு எப்படி தைராய்டு?" நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

1930 ஏப்ரல் 13. திருச்சியில டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில உப்பு யாத்திரை கிளம்புச்சு. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், மருத்துவர். அன்னிக்குச் சண்டை உப்பு வரிக்காக. அயோடின் பேச்சே இல்ல. கடல் உப்புல அது நிறைய இருக்கும்னு நினைப்போம். உண்மையில ரொம்பக் குறைவு.

உப்புல அயோடினைச் சேர்த்தா என்ன ஆகும்னு 1956-ல இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்குல வி. ராமலிங்கசாமி குழு சோதிக்க ஆரம்பிச்சாங்க. அங்கே கழுத்துக் கழலை சர்வசாதாரணம். ஒரு பகுதிக்குச் சாதா உப்பு, மற்ற பகுதிகளுக்கு அயோடின் உப்பு. சில வருஷத்துல அயோடின் உப்பு போன ஊர்கள்ல கழலை நல்லாவே குறைஞ்சுது. 1962-ல தேசியத் திட்டம் வந்துச்சு. 2006-ல அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை.

ஆனா அத்தையோடது வேற கதை. 1912-ல ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரிச்ச நோய். நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும். இதுக்கு உப்பு மருந்தில்ல. மூணு வருஷக் களைப்பு, முடி கொட்டுறது எல்லாத்தையும் "வயசாகுது"ன்னே ஓட்டிட்டோம். இதுல எனக்கும் பங்கு உண்டு. கடைசியில எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருத்தர்தான் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிச்சார். கழுத்துல கட்டி தெரிஞ்சா, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டா, மாத்திரை அளவு சரிப்படலைன்னா நீங்களும் அவங்களைப் பாருங்க.

அத்தை இப்போ வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு, காபிக்காகக் கடிகாரத்தையே முறைச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க.