யாருடைய மீன்? – 200 மைல் சட்டமும் ஜெரி ஸ்டட்ஸும்

தொகுதி மீனவக் குடும்பங்களோடு பேசுவதற்காகப் போர்த்துகீஸ் கற்றுக்கொண்டவர் ஜெரி ஸ்டட்ஸ். 1970 தேர்தலில் தோற்று, 1972இல் ஜெயித்து அமெரிக்கக் காங்கிரசின் கீழவைக்குப் போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகம் அவர் தொகுதி. ஓட்டுக்காகத்தான் கற்றார் என்று சொல்லலாம். சரி, இருக்கட்டும். ஓட்டுக்காகவாவது கடற்கரைக்காரன் பாஷையைப் படித்தவங்க எத்தனை பேர்?

அன்றைக்கு அந்தக் கரையின் பிரச்சினை வெளியிலிருந்து வந்தது. கேப் காட் முனைக்குக் கிழக்கே ஜார்ஜஸ் பேங்க் என்றொரு பெரிய கடலடித் திட்டு. காட், ஹேடாக் மீன்களின் விளைநிலம். 1960களின் தொடக்கத்தில் சோவியத் கப்பல்கள் அங்கே வந்தன. பிறகு போலந்து, கிழக்கு ஜெர்மனி, ஸ்பெயின் என்று வரிசை. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் மிதக்கும் தொழிற்சாலைகள் அவை. பல பத்தாண்டுகளாக வருஷத்துக்கு 50,000 டன் அளவில் இருந்த ஹேடாக் பிடிப்பு 1965இல் 1,50,000 டன்னைத் தொட்டது. அப்புறம் சரிந்து விழுந்தது. அமெரிக்காவின் மீன்பிடி உரிமை 12 மைலோடு முடிந்ததால் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது.

ஸ்டட்ஸ் 200 மைல் மசோதாவைக் கையிலெடுத்தார். மசோதாவின் எண்ணே 200. மேலவையில் வாஷிங்டன் மாநிலத்து வாரன் மேக்னசன் அதே வேலையைச் செய்தார். வெளியுறவுத் துறை எதிர்த்தது, ஐ.நா.வில் கடல் சட்டப் பேச்சுவார்த்தை நடக்கும்போது நாமே முந்திக்கொள்வதா என்றது. 1976 ஏப்ரலில் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்டார். 1977 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. (இந்தியாவின் 200 மைல் சட்டமும் 1976தான், ஒரே அலை.)

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கணும். பெருவும் ஈக்வடாரும் 1952லேயே 200 மைல் கேட்டவை. அமெரிக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நாடுகள் பிடித்துவைத்த அமெரிக்கச் சூரைப் படகுகளின் அபராதத்தை அமெரிக்க அரசே திருப்பிக் கொடுத்தது. அதற்கு 1954லேயே சட்டம். இப்போது தனக்கு 200 மைல் எடுத்துக்கொண்டபோதும் சூரை மீனை மட்டும் விலக்கிவைத்தது, 1990வரை அப்படியே. காட் மீனுக்கு தேசம் உண்டு, சூரைக்குக் கிடையாது! 'அந்நியன்' என்பவன் யாருடைய கரையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவன்.

அந்த அந்நியனை எதிரே நிறுத்தியதால்தான் 'நம் மீனவர்' என்ற ஒற்றை ஆள் சட்டத்துக்குக் கிடைத்தார். படகு வைத்திருப்பவர், பங்குக்குக் கடலேறுபவர், மீன் வாங்கும் கம்பெனி, எல்லாரும் அதற்குள் கரைந்துபோனார்கள். ஸ்டட்ஸ் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கரையின் கோபம் நிஜம், அவரது உழைப்பும் நிஜம். ஆனால் அந்நியக் கப்பல் போன இடத்தில் எது வந்தது?

மூலதனம் வந்தது. அரசு உத்தரவாதக் கடன், வரி ஒத்திவைப்பு எல்லாம் தயாராக இருந்தன. பழைய மரப் படகுகளுக்குப் பக்கத்தில் புதிய இரும்பு இழுவைப் படகுகள் நின்றன. நிர்வாகத்துக்கு வட்டாரக் கவுன்சில்கள் எட்டு. அவற்றில் மீன் தொழில்காரர்களே உட்கார்ந்தார்கள். எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குச் சட்டம் சொன்ன வரையறை: நிலைத்து நிற்கும் உச்ச விளைச்சல், பொருளாதார, சமூக, சூழல் காரணங்களால் 'மாற்றப்பட்டபடி'. மாற்றுவது என்றால் குறைப்பதா, கூட்டுவதா? சட்டம் சொல்லவில்லை. கடன் தவணை கட்டவேண்டியவனுக்கு அந்த வார்த்தை எந்தப் பக்கம் சாயும்? 1982இல் நியூ இங்கிலாந்து கவுன்சில் இந்த மீன்களுக்கு இருந்த டன் வரம்பையே எடுத்துவிட்டது. வலைக்கண் அளவு மாதிரி விதிகள்தான் மிஞ்சின.

'நம் மீனவர்' உடைந்தது 1985 கடைசியில். காப்பீட்டுச் செலவு ஏறிவிட்டது, படகுப் பங்கு கூடணும், ஆள் பங்கு குறையணும் என்றார்கள் நியூ பெட்ஃபோர்ட் முதலாளிகள். தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கித் தோற்றது. ரஷ்யக் கப்பலைத் துரத்த ஒன்றாக நின்றவர்கள்தான் இரண்டு பக்கமும்.

1991இல் சூழல் அமைப்பொன்று வழக்குப் போட்டு, மீன்வளத்தை மீட்கத் திட்டம் போடும்படி அரசைக் கட்டாயப்படுத்தியது. 1994 டிசம்பரில் ஜார்ஜஸ் பேங்கின் பெரும் பரப்புகள் மூடப்பட்டன. கடனுக்கு உத்தரவாதம் தந்த அதே அரசு, படகுகளைத் தொழிலிலிருந்து விலக்குவதற்காகச் சுமார் 2.5 கோடி டாலர் கொடுத்து அவற்றை வாங்கியது.

1996இல் சட்டத்தைத் திருத்தியபோது 'மாற்றப்பட்டபடி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குறைக்கப்பட்டபடி' என்று போட்டார்கள். ஒரு வார்த்தை, இருபது வருஷம். அந்த வருஷத் தேர்தலில் ஸ்டட்ஸ் நிற்கவில்லை. படகுக்கான பணம் படகின் சொந்தக்காரர் பேரில் போனது. பங்குக்குப் போனவருக்கு ஒப்படைக்கப் படகு ஏது?