கைவினைத் திருமண மோதிரம்

கைவினைத் திருமண மோதிரம் என்பது மணமக்களின் விரல் அளவு, தொழில், விருப்பம் ஆகியவற்றுக்கேற்பப் பட்டறையில் தனியாகச் செய்யப்படும் மோதிரமாகும். மற்ற நகைகள் விசேஷம் முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். இதுவோ பாத்திரம் துலக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் தூங்கும்போதும் விரலிலேயே கிடப்பது. அதனால் இதன் வடிவமைப்பில் தேய்மானம், பொருத்தம், பழுதுபார்க்கும் வசதி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே அலங்காரம் வருகிறது.

பண்டைய ரோமில் நிச்சயத்தின்போது பெண்ணுக்கு இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் இருந்ததை மூத்த பிளினி குறித்திருக்கிறார். மேலைநாடுகளில் ஆண்களும் மணமோதிரம் அணிவது 20ஆம் நூற்றாண்டில்தான், குறிப்பாக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பரவலானது. தமிழ்நாட்டில் கிறித்தவத் திருமணங்களிலும், இந்துக் குடும்பங்களின் நிச்சயதார்த்தங்களிலும் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள்.

சுத்தத் தங்கம் மிகவும் மென்மையானது. செம்பும் வெள்ளியும் கலந்தால்தான் அது அன்றாட உரசலைத் தாங்கும். 22 காரட்டில் 91.6 சதவீதமும் 18 காரட்டில் 75 சதவீதமும் தங்கம் உண்டு. நிறத்துக்காகவும் மறுவிற்பனை மதிப்புக்காகவும் தமிழ்க் குடும்பங்கள் 22 காரட்டையே கேட்கின்றன. ஆனால் மெல்லிய பட்டை மோதிரத்துக்கு 18 காரட்டே உறுதியானது. 22 காரட்தான் வேண்டுமென்றால் பட்டையைத் தடிமனாக வைப்பது நல்லது. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். அதன் மேலுள்ள ரோடியம் பூச்சும் நாளடைவில் தேய்ந்து, அடியிலுள்ள மங்கிய மஞ்சள் நிறம் தெரியும். பிளாட்டினம் உருக 1768 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால் சாதாரண பட்டறையின் ஊதுகுழலுக்கு அது படியாது. டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தில் எளிதில் கீறல் விழாது. ஆனால் பின்னால் அளவு மாற்றவும் முடியாது.

விரல் எப்போதும் ஒரே பருமனில் இருப்பதில்லை. குளிரில் சுருங்கும்; வெயிலிலும் கர்ப்ப காலத்திலும் வீங்கும். ஆகவே உடல் வெதுவெதுப்பாக இருக்கும் மாலை நேரத்தில் அளவு வளையங்களைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வளையம் கணுவைச் சற்றுத் தயங்கிக் கடக்க வேண்டும், அடிவிரலில் தளர்வாக நிற்க வேண்டும். பட்டை அகலமாக இருந்தால் அதே அளவு இறுக்கமாகத் தோன்றும் என்பதால் சிறிது கூட்டிக்கொள்வார்கள்.

தகட்டின் நீளத்தைக் கணக்கிட உள்விட்டத்தோடு தகட்டின் தடிமனைக் கூட்டி 3.14ஆல் பெருக்க வேண்டும். தடிமனைச் சேர்க்க மறந்தால் மோதிரம் சிறுத்துவிடும். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தடிமன் 1.8 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 59 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். 4 மில்லிமீட்டர் அகலத்தில் 22 காரட்டில் செய்தால் அது சுமார் 7.5 கிராம் நிற்கும், அதாவது ஒரு சவரனுக்குச் சற்றுக் குறைவு.

மூசையில் வெண்காரம் சேர்த்து உருக்கிய தங்கத்தைக் கட்டியாக வார்த்து, அடித்தும் உருளை எந்திரத்தில் விட்டும் தகடாக்குகிறார்கள். அடிபட அடிபட உலோகம் விறைத்து ஓரங்களில் வெடிக்கத் தொடங்கும் என்பதால், இடையிடையே மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சி இளக்க வேண்டும். வெட்டிய தகட்டை மரச்சுத்தியால் தட்டி வளைக்கும்போது வட்டமாக இருக்க வேண்டியதில்லை. இரு முனைகளும் முட்டி நின்றால் போதும். முட்டிய இடத்தின் நடுவே மெல்லிய ரம்பத்தை ஒருமுறை விட்டால் இரு முகங்களும் சமமாகிவிடும். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கையில் இணைப்பில் வெளிச்சம் கசியக் கூடாது. ஏனெனில் முனைகளை உருகி இணைக்கும் உலோகக் கலவையான பற்றாசு இடைவெளியை நிரப்பும் சாந்து அல்ல, இறுக முட்டிய இடத்தில் மட்டுமே ஓடிப் பிடிக்கும். ஊதும்போது சுடரைப் பற்றாசின் மேல் காட்டாமல் மோதிரம் முழுவதையும் சூடாக்க வேண்டும். பற்றாசு சூடான பக்கம் நோக்கியே ஓடும்.

கே.டி.எம். என்ற பெயரில் புழங்கிய பற்றாசில் காட்மியம் இருந்தது. அது 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. நகை அணிந்தவரைவிடப் பட்டறையில் குனிந்து ஊதியவருக்கே அதனால் அதிகக் கேடு. இப்போது துத்தநாகம் சேர்ந்த பற்றாசுகள் அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன.

பற்றவைத்ததை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுக் கறுப்பை நீக்குவார்கள். அதில் இரும்புக் குறடு பட்டால் அமிலத்தில் கரைந்துள்ள செம்பு நகை மேல் படிந்துவிடும். பிறகு கூம்பு வடிவ எஃகுக் கோலில் ஏற்றி, சுற்றிலும் தட்டி வட்டமாக்குகிறார்கள். இந்தத் தட்டலில் தகடு விரிந்து அளவு கொஞ்சம் கூடும் என்பதால் தொடக்கத்திலேயே சற்றுச் சிறிதாகச் செய்வது பட்டறைக் கணக்கு. உள் ஓரங்களை அரத்தால் உருட்டிவிட்டால் மோதிரம் எளிதாக ஏறி இறங்கும், தோலையும் அறுக்காது. பின்னர் உப்புத்தாள் தேய்த்து மெருகு ஏற்றப்படும். பளபளப்பைவிட மங்கல் மெருகில் கீறல்கள் குறைவாகத் தெரியும்.

கல் வேண்டுமென்றால் பட்டையோடு பட்டையாக அமுக்கிப் பதிப்பதே தினசரி உபயோகத்துக்கு ஏற்றது. உயர்ந்து நிற்கும் கொக்கிகள் துணியில் மாட்டும். வைரமும் நீலமும் உரசலைத் தாங்கும், முத்து தாங்காது. எந்திரங்களோடு வேலை செய்பவர்கள் எந்த மோதிரமானாலும் கழற்றி வைக்க வேண்டும். அது சிக்கி இழுத்தால் விரலின் தோலும் சதையும் உரிந்துபோகும்.

இந்தியாவில் 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் பெரும்பாலும் மோதிரத்தின் உட்புறத்தில் வரும். பெயரோ தேதியோ பொறிப்பதும் அங்கேதான். பொறிக்கும்போது இணைப்பு இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும், ஏனெனில் அளவு மாற்ற நேர்ந்தால் அங்குதான் வெட்டி, அதே தரமுள்ள துண்டைச் சேர்ப்பார்கள் அல்லது கொஞ்சம் எடுப்பார்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தில் இப்படி வெட்ட இடமில்லாததால், கல்லைக் கழற்றிப் புதிதாகச் செய்வதே வழி.