ஒலிப்பதிவும் நேரலையும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், அதன் கவியரங்குகள் எவ்வாறு பேணப்பட்டுள்ளன என்னும் வினா எழுவது இயல்பே. அச்சேறிய கவிதைகள் நம் அலமாரியில் உள்ளன. ஆனால், கவிஞர் தம் வாயால் பாடிய பாடம் எங்குள்ளது? அண்மை ஆண்டுகளில் இலக்கியக் கூட்டங்கள் பலவும் கைபேசிச் செயலி வழியே நேரலையாகச் செல்கின்றன. செயலியில் உள்ள சிவப்புப் பொத்தானைத் தொட்டதும் ‘எல்லாம் பதிவாகிறது’ என்னும் மனநிறைவு நமக்கு உண்டாகிறது. இந்நிறைவுக்கு அடிப்படை உண்டா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒலியைப் பதிந்து வைத்த வரலாறு வேறு. ஒலியைத் தொலைவுக்கு அனுப்பிய வரலாறு வேறு. இவ்விரண்டும் தனித்தனியே பிறந்து, தனித்தனியே வளர்ந்து, மிக அண்மையில்தான் ஒரு கைபேசிக்குள் குடிபுகுந்தன. அவற்றை ஒன்றெனக் கருதியதால் நாம் இழந்துவருவன பல.

முதலாவது வரலாறு பாரிசில் தொடங்குகிறது. எதுவார்-லெயோன் ஸ்காட் த மார்தென்வில் என்னும் அச்சுத்தொழில் அறிந்த பிரெஞ்சுக்காரர் 1857-ஆம் ஆண்டு ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். புகைக்கரி படிந்த தாளில், குரலின் அதிர்வை மெல்லிய முள் ஒன்று கோடாக வரைந்து செல்லும். அக்கோட்டைத் திரும்பக் கேட்கலாம் என்னும் எண்ணமே அவருக்கு இருந்திலது; கண்ணால் படிப்பதற்கான எழுத்தாகவே அதனை அவர் கருதினார். 1860-இல் அவர் வரைந்த ஒரு நாட்டுப்பாடலின் கோட்டை, 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியின் துணையால் ஒலியாக்கினர். முதலில் அது ஒரு பெண்ணின் குரல் எனப்பட்டது. பின்னர், ஓட்டும் வேகம் இருமடங்காக இருந்தது தெரியவந்து, வேகத்தைத் திருத்தியபோது ஆண்குரலாயிற்று. ஸ்காட்டே பாடியிருத்தல் கூடும் என்பர். பாட வேறுபாடு ஆராய்வோர்க்கு இது புதுமையன்று. மூலம் கையில் இருந்தமையால்தான் திருத்தம் இயன்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பதிந்த குரலைத் திரும்பக் கேட்கச் செய்த முதல்வர் எடிசன் (1877). கவிஞர்க்கு நெருக்கமான நிகழ்ச்சி அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நேர்ந்தது. 1889 ஏப்ரலில், இலண்டனில் ருடால்ஃப் லேமன் என்னும் ஓவியர் இல்லத்து விருந்தில், எடிசனின் முகவர் கொணர்ந்த மெழுகு உருளைக் கருவியின்முன் இராபர்ட் பிரௌனிங் தம் புகழ்பெற்ற கவிதையொன்றைச் சொல்லத் தொடங்கினார். சில அடிகள் சென்றதும் நினைவு தவறியது. தம் சொந்த வரிகளையே மறந்தமைக்கு வருந்துவதாகக் கூறி, வியத்தகு கருவி இது என்று பாராட்டித் தம் பெயரையும் உரக்கச் சொன்னார். அவ்வாண்டு திசம்பரில் அவர் மறைந்தார். ஓராண்டு கழித்து அன்பர்கள் கூடி அவ்வுருளையை ஒலிக்கச்செய்து கேட்டனர். மறந்து, தடுமாறி, மன்னிப்பு வேண்டிய அக்குரலில் கவிஞரே நம் முன் நிற்கிறார். அச்சிட்ட பிரதியில் அத்தடுமாற்றத்திற்கு இடமேது?

நம் நாட்டில் வணிக முறையிலான இசைத்தட்டுப் பதிவு 1902 நவம்பரில், கல்கத்தாவில் ஃபிரெட் கைஸ்பெர்க் என்பவரால் தொடங்கப்பெற்றது. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அவ்வளவுக்குள் பாட்டை அடக்கிய கௌஹர் ஜான், இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் செருமனியின் ஹானோவரில் அச்சாயின. ஆங்குள்ளோர் யார் பாட்டு எதுவென மயங்காதிருக்க அவ்வறிவிப்பு உதவியது என்பர். கிரியர்சனின் மொழி அளவாய்வைத் தொடர்ந்து, பல மாகாணங்களின் மொழிகளும் கிளைமொழிகளும் இசைத்தட்டில் பதியப்பெற்றன. அவ்வளவாய்வு சென்னை மாகாணத்தைத் தவிர்த்துச் சென்றதெனினும், தட்டுப் பதிவில் தமிழும் இடம்பெற்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழ்ப் பேச்சை இன்று நாம் இணையத்தில் கேட்க முடிவது அதனால்தான். ஆயின், 1921-இல் மறைந்த பாரதியாரின் குரல் நமக்குக் கிட்டவில்லை. தம் பாடல்களைத் தாமே பாடிக்காட்டுவதில் அவர் கொண்டிருந்த வேட்கையை, உடன் பழகியோர் நினைவுக் குறிப்புகள் பலபடக் கூறுகின்றன. தென்னாட்டு இசைவாணர் குரல்கள் தட்டேறத் தொடங்கிவிட்ட காலம்தான் அது. கருவி இருந்தது, கவிஞரைக் கருவியின்முன் அமர்த்த யாரும் முன்வந்திலர்.

இனி இரண்டாம் வரலாறு. 1881-இல் பாரிசு மின்னியற் கண்காட்சிக்கு வந்தோர், இரு செவிகளிலும் தொலைபேசிக் குழல்களைப் பொருத்திக்கொண்டு, ஓபரா அரங்கில் அப்பொழுது நிகழும் இசையைக் கேட்டனர். கிளெமான் அதேர் அமைத்த இவ்வேற்பாடு பின்னர்க் கட்டணச் சேவையாக நடந்தது. 1893-இல் புடாபெசுட்டு நகரில் திவாதர் புஷ்காஷ் என்பார் தொடங்கிய தொலைபேசிச் செய்தித்தாள், நாள்முழுதும் செய்தியும் இசையும் வீடுகட்கு வழங்கியது. நம் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924-இல் வானொலிக் கழகம் அமைந்தது. பொருள்முடையால் 1927-இல் அது முடங்கியது. இவையனைத்திலும் ஒலி தொலைவு கடந்தது, கேட்டவுடன் மறைந்தது. அது குறையென எவரும் எண்ணவில்லை. அனுப்புதலே அக்கருவிகளின் தொழில்.

இந்த இரண்டாம் மரபின் பிள்ளைதான் இன்றைய நேரலை. 1974 ஆகஸ்டில் தென் கலிபோர்னியாவின் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கும் மாசசூசெட்சின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே, அர்ப்பாநெட் என்னும் கணினி வலைப்பின்னல் வழியே மனிதக் குரல் சென்றது. குரல் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு அனுப்பப்பெற்றது. அப்பொழுது ஒரு சிக்கல் எழுந்தது. எழுத்தோ கணக்கோ வலைப்பின்னலில் செல்லும்போது, வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டுப் பெறுவர். அதுவரை பின்வருவன காத்திருக்கும். குரலுக்கு இம்முறை ஒவ்வாது. ஒரு சொல்லின் துணுக்குக்காக உரையாடல் முழுவதும் நின்றுவிடும். ஆகவே, குரலைப் பொறுத்தவரை முழுமையினும் உரிய நேரத்தில் சேர்தலே முதன்மை என்று டேனி கோஹன் முதலிய ஆய்வாளர்கள் வாதிட்டனர். வாதம் ஏற்கப்பெற்றது. இணையத்தின் அடிப்படை விதி 1978-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, தொலைந்ததைத் திரும்பக் கேளாத எளிய வழி ஒன்று 1980-இல் வகுக்கப்பெற்றது. இது பொறியாளர் அறிந்தே செய்துகொண்ட தேர்வு. கைபேசியில் நாம் நிகழ்த்தும் நேருரையாடல்கள் பெரும்பாலும் இன்றும் அவ்வழியே செல்கின்றன.

கைபேசிக்குள் நிகழ்வதைச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஒலிவாங்கியில் பட்ட குரல் விநாடிக்கு 48,000 முறை அளந்தெடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எனக் கொண்டால், விநாடிக்கு 7,68,000 பிட் ஆகும். இவ்வளவையும் அனுப்புதல் செலவுமிக்கது. ஆகவே, மனிதச் செவி பொருட்படுத்தாதவை எனக் கணிக்கப்பட்டவை நீக்கப்பெற்று, அது விநாடிக்கு 64,000 பிட், ஒரோவழி அதனினும் குறைவாகச் சுருக்கப்படுகிறது. 2012-இல் வகுக்கப்பெற்ற ஓப்பஸ் என்னும் முறையில், குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கப்படும். ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டு. பெறும் முனையில் அவை சிறு இடைத்தேக்கத்தில் வரிசைப்படும். காலம் தாழ்ந்து வந்த துண்டு கழிக்கப்படும். அவ்விடத்தை முன்னொலியைக் கொண்டு கருவியே ஊகித்து நிரப்பும். சுவடியில் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் நிரப்பினால் அடிக்குறிப்பு இடுவார். இங்கு அடிக்குறிப்பும் இல்லை. படக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை: ஒரு படத்தை முழுதாக அனுப்பிப் பின்வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவர். இணைப்பு நலிந்தால் முகம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான்.

கவிஞர்கள் தனித்துக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. உரையாடற் செயலிகள் பேச்சுக்கென வடிவமைக்கப்பெற்றவை. மாறாது நீடிக்கும் ஒலியை அவற்றின் இரைச்சல் நீக்கி மின்விசிறி ஓசை போன்றதெனக் கொண்டு அடக்க முற்படும். ஆகவேதான், விருத்தத்தை இசையோடு நீட்டிப் பாடும்போது கடைசி நெடில் பாதியில் தேய்கிறது. சுருதிப் பெட்டி மறைந்துபோகிறது. இசைவாணர்க்கென, மூல ஒலியை மாற்றாமல் அனுப்பும் அமைப்பினைச் சில செயலிகள் பின்னர்ச் சேர்த்தன. அதனைத் தேடி இயக்கிப் பாடுவோர் நம்மிற் சிலரே. இதனினும் வியப்பானது மௌனத்தின் நிலை. கைபேசி முறைகள் பலவற்றில், பேசுவோர் வாய் மூடியிருக்கும்போது ஒலி அனுப்புதல் நின்றுவிடும். இணைப்பு அறுந்ததெனக் கேட்போர் ஐயுறாதிருக்க, மறுமுனைக் கருவி தானே ஒரு மெல்லிய இரைச்சலை உண்டாக்கிச் செவியில் இடும். ஈற்றடிக்கு முன் கவிஞர் நிறுத்தும் அந்நிறுத்தம், அரங்கின் மூச்சோடு கூடியது, கேட்போரைச் சென்றடைவதே இல்லை. அவர் கேட்பது இயந்திரம் இயற்றிய மௌனம்.

இணையத்தில் ஒலியை முழுதும் இறக்கிக்கொள்ளாமலே ஓடஓடக் கேட்கும் முறையைப் பலர்க்கும் எட்டச்செய்தது 1995-இல் வந்த ரியல்ஆடியோ. 2009-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசிக்கென வேறொரு முறை வகுத்தது: நிகழ்ச்சி சில விநாடி நீளமுள்ள கோப்புகளாக நறுக்கப்படும், அவற்றின் பெயர்கள் அடங்கிய பட்டியலொன்று இடையறாது புதுப்பிக்கப்படும், இணைப்பின் வலிமைக்கேற்ற தரத்தில் கைபேசி ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒலிக்கும். நேரலையாயின், புதிய துண்டின் பெயர் பட்டியலின் அடியில் சேரச்சேர, பழைய துண்டின் பெயர் தலையிலிருந்து நீக்கப்படலாம். எவரேனும் தனியே எடுத்து வைத்தாலன்றி, ஓடியது ஓடியதே. எடுத்து வைத்தாலும், அது வழங்கிக்கு வந்துசேர்ந்த பாடமே அன்றிக் கவிஞர் வாயில் பிறந்த பாடம் அன்று. வழியில் விழுந்த ஓட்டை பதிவிலும் ஓட்டையாகவே நிற்கும்.

எடுத்து வைத்தவற்றின் நிலை என்ன? 2015-இல் தோன்றிய பெரிஸ்கோப் செயலியில் நேரலைகள் முதலில் 24 மணி நேரமே இருந்தன. 2016-இல் நிலையாக வைக்கும் வசதி வந்தது. 2021 மார்ச்சில் செயலியே மூடப்பட்டது. கொள்ளை நோய்க் காலத்தில், 2021-இல், நம்மில் பலர் இரவெல்லாம் கவிதை பேசிய கிளப்ஹவுஸ் செயலியில், பேச்சைச் சேமித்து மீளக் கேட்கும் வசதி தொடக்கத்தில் இல்லை. அறை கலைந்தால் பேச்சும் கலைந்தது. எத்தனை நல்ல விவாதங்கள் அவ்வாறு போயின என்பதை அவற்றில் கலந்துகொண்டோர் அறிவர். எல்லாவற்றினும் நம்மை நேரே தொடுவது முகநூல் நிறுவனத்தின் அறிவிப்பு. 2025 பெப்ரவரி 19 முதல் அதில் செய்யப்படும் நேரலைகள் 30 நாளே இருக்கும். பழைய நேரலைகளும் உரியவர்க்கு அறிவித்தபின், இறக்கிக்கொள்ள 90 நாள் தவணை தந்து, படிப்படியாக நீக்கப்படும் என்று அந்நிறுவனம் கூறியது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டோரைப் பற்றிப் படிக்கும்போது நாம் மனம் வெதும்புகிறோம். அவர்களாவது தாம் விடுவது இன்னதென அறிந்து விட்டனர். சிற்றிதழ்களும் இலக்கிய அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் முகநூலையே ஆவணக் காப்பகமாக எண்ணியிருந்தன. அந்நிறுவனத்தை நொந்து பயனில்லை என்றே நான் கருதுகிறேன். அனுப்பும் தொழிலை ஏற்றவர்களிடம் காக்கும் தொழிலையும் எதிர்பார்த்தது நாம்.

நேரலை வேண்டா என்பது என் கருத்தன்று. கடல் கடந்த அன்பர் ஒருவர் நம் அரங்கில் அமர்வது அதனாலன்றோ! அதனோடு பதிவும் தனியே நிகழவேண்டும் என்பதே வேண்டுகோள். நேரலை செல்லும் கைபேசி அன்றி இன்னொரு கைபேசி, இணைப்பைத் துண்டித்த நிலையில், கவிஞர்க்கு அருகே மேசைமீது இருத்தல் வேண்டும். பதிவுச் செயலிகள் பலவற்றில் சுருக்கப்படாத வடிவைத் தேர்ந்துகொள்ளலாம். மேற்சொன்ன அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 346 மெகாபைட் ஆகும். இன்றைய கைபேசிக்கு அது சுமையன்று. கூட்டம் முடிந்ததும் இரு வேறு இடங்களில் படியெடுத்து வைத்தல் வேண்டும். சுவடிகள் பிழைத்ததும் படியெடுத்தோரால்தான். ஒவ்வொரு கவிஞரும் பாடுவதற்குமுன் தம் பெயரையும் ஊரையும் நாளையும் சொல்லித் தொடங்குதல் நன்று. கோப்பின் பெயர் மாறலாம், பட்டியல் தொலையலாம். கௌஹர் ஜான் செய்ததுபோல் குரலுக்குள்ளேயே பெயர் இருந்தால் மயக்கத்திற்கு இடமில்லை.

முன்னைய ஆண்டுகளில் வட்டத்தின் கூட்டங்களை நேரலை செய்த அன்பர்கள், தத்தம் கணக்குகளில் இன்னும் எஞ்சியிருப்பவற்றை இறக்கி, நாளும் பேசினோர் பெயரும் குறித்துச் செயலரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். மறைந்த மூத்த கவிஞர்கள் கலந்துகொண்ட அமர்வுகளிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.