சுட்ட பிறகு வரைந்த வட்டம்

6,94,000 பேரில் ஒருவர். ஜோசையா சட்டன் என்ற 16 வயதுப் பையனின் வாழ்க்கையில் இந்த எண் குறுக்கிட்டது.

1998 அக்டோபரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஒரு பெண்ணை இரண்டு பேர் துப்பாக்கிமுனையில் அவருடைய காரிலேயே கடத்திக்கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். ஐந்து நாள் கழித்து, தெருவில் நடந்துபோன பையன்களைப் பார்த்து ‘இவங்கதான்’ என்று அந்தப் பெண் அடையாளம் காட்டினார். அவர்களில் ஒருவர் சட்டன். ஹூஸ்டன் போலீஸ் துறைக்குச் சொந்தமான குற்றவியல் ஆய்வகம் டி.என்.ஏ. சோதனை செய்தது. சட்டனின் நண்பர் அதில் விடுபட்டார். சட்டன் மாட்டிக்கொண்டார். கிடைத்திருக்கும் டி.என்.ஏ. வகை கறுப்பின மக்களில் 6,94,000 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்றது ஆய்வக அறிக்கை. 1999-ல் தீர்ப்பு வந்தது: 25 ஆண்டு சிறை.

குற்றம் செய்தவர் சட்டன் இல்லை.

இதைப் படித்ததும் நமக்கு வரும் முதல் சந்தேகம், யாரோ சாம்பிளை மாற்றிவிட்டார்கள் என்பதாக இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த வில்லத்தனம் அது. நடந்தது வேறு. அந்த எண் ஒரு மோசடி எண்ணே இல்லை. சரியாகக் கணக்கிடப்பட்ட விடைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்கான விடை அல்ல. இது எப்படி நடக்கும் என்று புரிய, அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

*

டி.என்.ஏ. ஆய்வாளருடைய நாளின் பெரும்பகுதி சலிப்பூட்டுவது. சீல் வைத்த உறை வரும். யார் கொடுத்தது, யார் வாங்கியது, எப்போது திறந்தது என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். துணியில் கறையைத் தேட வேண்டும், அதை வெட்டி எடுக்க வேண்டும். பாலியல் வன்முறை வழக்கு என்றால், பெண்ணின் செல்களையும் விந்தணுக்களையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். விந்தணுவின் உறை கெட்டியானது, மற்ற செல்கள் உடைகிற கரைசலில் அது உடையாது. அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பிறகு பி.சி.ஆர். எந்திரத்தில் பிரதி எடுப்பது. கூடவே எந்த டி.என்.ஏ.வும் போடாத ஒரு வெற்றுக் குழாயும் ஓடும். அதில் ஏதாவது தென்பட்டால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

எந்திரம் தேடுவது நம் மரபணுத் தொகுதியில் சில குறிப்பிட்ட இடங்களை. அந்த இடங்களில் ஒரு சின்ன எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓரிடத்தில் எனக்கு அப்பாவிடமிருந்து 12, அம்மாவிடமிருந்து 15 வந்திருக்கலாம். அமெரிக்கத் தேசியத் தரவுத்தளம் 1998-ல் இப்படி 13 இடங்களோடு தொடங்கியது. 2017-லிருந்து 20 இடங்கள். ஒரே ஆளுடைய, நல்ல நிலையில் இருக்கும் ரத்தம் என்றால் இந்த முறையைப்போல உறுதியான தடயம் வேறில்லை.

குற்றம் நடந்த இடம் அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. இரண்டு மூன்று பேருடைய டி.என்.ஏ. கலந்து கிடக்கும். ஓரிடத்தில் 12, 13, 15, 16 என்று நான்கு எண்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். 12-13 உள்ளவரும் இதில் பொருந்துவார், 12-15 உள்ளவரும் பொருந்துவார், 16-16 உள்ளவரும் பொருந்துவார். எண்ணிப் பாருங்கள், மொத்தம் 10 விதமான ஆட்கள். அதோடு, பிரதி எடுக்கும்போது எந்திரம் ஒரு படி நழுவுவதால் நிஜச் சிகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிகரம் வரைபடத்தில் முளைக்கும். இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டட்டர், அதாவது திக்கல். அந்தக் குட்டிச் சிகரம் வெறும் திக்கலா, இல்லை கொஞ்சமாக டி.என்.ஏ. விட்டுப்போன இன்னொரு மனிதனா? எந்திரம் சிகரத்தைக் காட்டும். அதற்கு அர்த்தம் சொல்வது ஆள்தான்.

சட்டன் வழக்கில் ஹூஸ்டன் ஆய்வகம் பயன்படுத்தியது இதைவிடப் பழைய முறைகளை. அதில் முக்கியமானது, பட்டையில் நீலப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது. கிடைத்ததும் கலவைதான். 6,94,000 என்பது சட்டனின் சொந்த டி.என்.ஏ. வகை எவ்வளவு அரிது என்பதற்கான கணக்கு. நீதிமன்றத்துக்குத் தேவையான கேள்வி அதுவல்ல. ‘இந்தக் கலவைக்குள் அடங்கக்கூடிய ஆண்கள் எத்தனை பேர்?’ என்பதுதான் கேள்வி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் பின்னாளில் அதைக் கணக்கிட்டார். கறுப்பின ஆண்களில் ஏறக்குறைய 15 பேரில் ஒருவர் பொருந்துவார். ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்களை ஏற்றினால் மூன்று நான்கு பேர் தேறுவார்கள்.

இன்னொன்றும் அந்தக் காகிதங்களிலேயே இருந்தது. காரின் பின்சீட்டில் இருந்த கறை ஒரே ஒரு ஆணுடையது என்றும், அது சட்டனுடையதாக இருக்க முடியாது என்றும் தாம்சன் அதே முடிவுகளிலிருந்து படித்துக் காட்டினார். விடை ஆய்வகத்தின் கையில்தான் இருந்தது.

*

இதெல்லாம் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு தொலைக்காட்சி நிலையம். ஹூஸ்டனின் கே.எச்.ஓ.யு. 2002 நவம்பரில் போலீஸ் ஆய்வகத்தைப் பற்றிப் புலனாய்வுச் செய்திகளை ஒளிபரப்பியது. சட்டனின் அம்மா அதைப் பார்த்துவிட்டு மகனின் வழக்கைப் பற்றி அவர்களுக்குத் தகவல் அனுப்பினார். டிசம்பரில் வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வந்தது, டி.என்.ஏ. பிரிவை மூடினார்கள். ஆய்வகத்துக்குத் தர அங்கீகாரம் கிடையாது. கூரை ஒழுகியது. 2001 ஜூனில் அலிசன் புயல் அடித்தபோது தடயப் பெட்டிகள் மழையில் நனைந்திருந்தன. 2003 மார்ச்சில் மறுபரிசோதனை சட்டனை விடுவித்தது. அதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். 2004-ல் டெக்சஸ் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! சட்டத்தின் மொழி அப்படி.

அந்தச் சோதனையைச் செய்த ஆய்வாளரின் பெயர் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். நான் எழுதவில்லை. ஒரு பெயர் கிடைத்தவுடன் நம் கோபம் அதில் போய் உட்கார்ந்துவிடும், கட்டடம் தப்பித்துவிடும். நகர நிர்வாகம் நியமித்த மைக்கேல் பிராம்விச் 2005-லிருந்து 2007 வரை விசாரித்து எழுதிய அறிக்கை கட்டடத்தைப் பற்றியது. ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த மேற்பார்வையாளர் பதவி, போதாத பயிற்சி, போதாத பணம், யாரும் சரிபார்க்காத முடிவுகள். இதற்கிடையில் டி.என்.ஏ. பிரிவை 2006-ல் திறந்து, 2008 ஜனவரியில் மறுபடி நிறுத்தினார்கள். இந்த முறை புகார், ஆய்வாளர்களின் திறனைச் சோதிக்கும் தேர்விலேயே முறைகேடு.

இப்போது ஒரு கேள்வி வரும். ஒழுகும் கூரை, பயிற்சியில்லாத ஆட்கள் என்றால் தப்பு நடக்கத்தானே செய்யும்? நல்ல ஆய்வகத்தில் நடக்காதே?

2011-ல் ஈட்டியல் ட்ரோர், கிரெக் ஹாம்ப்பிகியன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டு வல்லுறவு வழக்கின் டி.என்.ஏ. கலவை அது. அந்த வழக்கின் ஆய்வாளர்கள், சந்தேக நபரை விலக்க முடியாது என்று முடிவு சொல்லியிருந்தார்கள். குற்றம்சாட்டப்பட்ட இன்னொருவர் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயாராக இருப்பது அவர்களுக்குத் தெரியும். ட்ரோரும் ஹாம்ப்பிகியனும் அதே வரைபடத்தை, வழக்கு விவரம் எதுவும் சொல்லாமல், அனுபவமுள்ள வேறு 17 ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். 12 பேர் அந்த நபர் இல்லை என்றார்கள். 4 பேர் முடிவு சொல்ல முடியாது என்றார்கள். முதல் முடிவோடு ஒத்துப்போனவர் ஒரே ஒருவர்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2013-ல் 108 ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியான கலவைத் தரவுகளை அனுப்பியது. அதில் ஒரு கலவை நான்கு பேருடையது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தவர்களில் ஒருவர் அந்தக் கலவையிலேயே கிடையாது. அவரையும் உள்ளே சேர்த்த ஆய்வகங்கள் 74.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே யாரும் அரளவில்லை. படித்தவர்கள், கவனமானவர்கள், நேர்மையானவர்கள். முதலில் சந்தேக நபரின் எண்களைப் பார்த்துவிட்டார்கள், பிறகு கலவைக்குள் அவற்றைத் தேடினார்கள். இருந்த சிகரம் அவராயிற்று. இல்லாத சிகரம் ‘டி.என்.ஏ. குறைவு, விடுபட்டிருக்கும்’ என்றாயிற்று. கொட்டகைச் சுவரில் கண்டபடி சுட்டுவிட்டு, குண்டு பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து ‘குறி தப்பவில்லை’ என்று சொல்லும் டெக்சஸ்காரனின் கதை ஒன்று உண்டு. தாம்சன் இந்தப் பழக்கத்தைப் பற்றி 2009-ல் எழுதிய கட்டுரைக்கு அந்தக் கதையின் பெயரைத்தான் வைத்தார்.

*

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் போலீஸ் ஞாபகம் வரவில்லை, ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் டீமும், ரிலீஸ் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டிய மேனேஜருக்குக் கீழேயே இருந்தது. யாரும் யாரையும் மிரட்டியதில்லை. எல்லோரும் நல்லவர்கள், சேர்ந்து பிரியாணி சாப்பிட்டோம். ஆனால் செவ்வாய்க்கிழமை ‘கிரிட்டிக்கல்’ ஆக இருக்கும் பக், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் ‘மைனர்’ ஆகிவிடும். உத்தரவு தேவையில்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அதுவே போதும்.

போலீஸ் ஆய்வகமும் அதே அறைதான். கேஸைக் கொண்டுவருகிற துப்பறிவாளரும் முடிவு சொல்கிற ஆய்வாளரும் ஒரே துறையின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். 2009-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, தடய ஆய்வகங்களைப் போலீஸ் மற்றும் அரசு வழக்கறிஞர்களின் நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனால்தான்.

என் துறைக்காரர்கள் உடனே சொல்வார்கள்: மனிதனை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரைப் போடு. போட்டார்கள். கலவைகளை நிகழ்தகவு மூலம் பிரிக்கும் மென்பொருள்கள் இன்று உண்மையிலேயே நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் 2015-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், எஸ்.டி.ஆர்.மிக்ஸ் என்ற மென்பொருளின் கோடிங் பிழை 60 வழக்குகளின் எண்களைப் பாதித்திருந்தது தெரியவந்தது. ட்ரூ அலீல் என்ற இன்னொரு மென்பொருளின் மூல நிரலைக் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு பார்க்கலாமா என்ற வழக்கு நியூஜெர்சியில் மேல்முறையீடு வரை போனது. 2021-ல் நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. பக் இல்லாத நிரலை நான் இதுவரை பார்த்ததில்லை. யாரும் திறந்து பார்க்க முடியாத நிரலின் பேரில் ஒருவரை 25 ஆண்டு உள்ளே வைக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

*

ஹூஸ்டன் கடைசியில் செய்தது எளிமையான காரியம். 2012-ல் நகர நிர்வாகம் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கியது. 2014 ஏப்ரலில் அந்த ஹூஸ்டன் தடய அறிவியல் மையம் போலீஸிடமிருந்து ஆய்வகத்தை எடுத்துக்கொண்டது. துப்பறிவாளர் நேராக ஆய்வாளரிடம் போகாதபடி நடுவில் ஒரு பிரிவை வைத்தார்கள். 2015-லிருந்து மறைமுகச் சோதனையும் தொடங்கியது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு போலி வழக்குகளைத் தயாரிக்கிறது. போலி உறை, போலி விவரம், ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்த சாம்பிள். நிஜ வழக்குகளோடு கலந்து அவை மேஜைக்கு வரும். எது போலி என்று ஆய்வாளருக்குத் தெரியாது. சரியாகக் கண்டுபிடித்தால் காபிக் கடை கிஃப்ட் கார்டு, தப்பாகச் சந்தேகப்பட்டால் ஒரு டாலர் அபராதம் என்று ஒரு விளையாட்டையும் சேர்த்தார்கள். வழக்குகள் தேங்கும் பிரச்சினை அங்கே இன்னும் தீரவில்லை. ஆனால் திறன் தேர்விலேயே முறைகேடு நடந்த நகரத்தில், எது தேர்வு என்று யாருக்கும் தெரியாத நிலை வந்திருக்கிறது.

போலீஸிடமிருந்து ஆய்வகத்தைப் பிரித்தால் குற்றவாளிகளுக்குத்தான் லாபம் என்று ஒரு வாதம் உண்டு. அதற்குப் பதில் சட்டன் வழக்கிலேயே இருக்கிறது. 2006-ல் அதே தடயத்தின் டி.என்.ஏ. தரவுத்தளத்தில் வேறொருவரோடு பொருந்தியது. அவர் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டன் உள்ளே இருந்த அத்தனை நாளும் யாரும் அவரைத் தேடவில்லை, வழக்குதான் முடிந்துவிட்டதே. தன்னைத் தாக்கியவர்களில் ஒருவர் யார் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்ள 8 ஆண்டுகள் ஆயின. பின்சீட்டுக் கறையின் முடிவு முதல் வருடத்திலிருந்தே ஃபைலில் இருந்தது.